ஓடைக்கு இறங்கிய ராஜா

புலாவ் செபாங்கில் இறங்கி நிர்மலாதேவி வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அக்கா என்று சொன்னால் சிலர் தலையாட்டுவார்கள். 'ராஜா நிர்மலா' என்று கேட்டுப் பாருங்கள், ரயில் நிலையத்துக்கு எதிரே நாசி லெமாக் விற்கும் மலாய்க்கார அம்மாள் கூட அடுப்பை விட்டு எழுந்து வந்து வழி காட்டுவார். அந்தப் பெயர் அவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்தும் வரவில்லை, புகுந்த வீட்டிலிருந்தும் வரவில்லை. ஒரு மீனால் வந்தது. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. அதை மறைத்துக்கொள்ளவேண்டும் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஊருக்கு வெளியே, ரப்பரிலிருந்து எண்ணெய்ச் செம்பனைக்கு மாறிவிட்ட கல்லுமலைத் தோட்டத்தின் பின்புறம் ஒரு பழைய குவாரி இருக்கிறது. சாலை போடுவதற்காக அங்கே கல் உடைத்தார்கள். கல் தீர்ந்ததும் இயந்திரங்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளத்தில் ஊற்று சுரந்தது, மழை நிரப்பியது, பெரிய குளமாகிவிட்டது. சுற்றிலும் செங்குத்தான பாறை, உள்ளே கரும்பச்சைத் தண்ணீர். மீன் என்று பார்த்தால் யாரோ எப்போதோ விட்ட திலாப்பியா மட்டும்தான். தூண்டில் பிடிக்கிறவர்கள் ஒரு தடவை வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். மறு தடவை வரமாட்டார்கள்.

நிர்மலாவுக்குச் சிறுவயதிலிருந்தே தூண்டில் பைத்தியம். கல்யாணமான புதிதில் கணவன் புவனேந்திரன் படம் பார்க்கக் கூப்பிட்டால், அவள் அவனை ஆற்றங்கரைக்குக் கூப்பிடுவாள். அவன் வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். மீனைத் தட்டில் கண்டால் முகம் மலர்வான், தூண்டிலில் கண்டால் கொட்டாவி விடுவான். ஆனாலும் அவளைப் போகாதே என்று சொன்னதில்லை. பொம்பளைக்கு என்ன தூண்டில் என்று கேட்ட தன் அக்காவிடம், "ஒங்க தம்பி வீட்டுல மீனு வாங்குற செலவு இல்லலா, அக்கா" என்று சிரித்தே வாயடைத்துவிட்டான்.

இருபது வருடங்களுக்கு முன்னால் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்காக அவள் பேராக்குக்குப் போனாள். அவளுடைய தம்பி தனபாலன் காய்கறி லோரி ஓட்டுகிறவன், அவன் லோரியிலேயே எல்லோரும் ஏறிப் போனார்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் பெண்ணின் மாமா ஒருவர், "ஈயம் தோண்டின பழைய குட்டைக்கு மீன் பிடிக்கப் போறோம், வர்றீங்களா?" என்று ஆண்களைக் கேட்டார். ஆண்கள் சோம்பல் முறித்தார்கள். நிர்மலா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

மாமா அவள் கையில் ஒரு தூண்டில் கழியையும், பிளாஸ்டிக்கில் செய்த ஒரு பொய்மீனையும் கொடுத்தார். புழு இல்லை, ரொட்டி இல்லை. வீசி, நிறுத்தி நிறுத்தி இழுக்கவேண்டும், அவ்வளவுதான். அவள் வீசினாள். பொய்மீன் தண்ணீர் மேல் தத்தித் தத்தி வந்தது. பாதி வழியில் தண்ணீர் வெடித்தது. வெடித்தது என்றுதான் அவள் இன்றுவரை சொல்கிறாள். கழி வில்லாக வளைந்தது, சுருளிலிருந்து நரம்பு கிறீச்சிட்டுக்கொண்டு ஓடியது. அவள் வெறுங்காலோடு சேற்றில் இறங்கி நின்று இழுத்தாள். கடைசியில் கரைக்கு வந்ததைக் குனிந்து பார்த்தாள். பொன்னும் பச்சையும் கலந்த உடம்பு, பக்கவாட்டில் கறுப்புப் பட்டைகள், செம்பருத்தி நிறத்தில் அடித்துடுப்புகள். வாலில், தங்க வளையம் போட்ட ஒரு கறுப்புக் கண்.

"இதுக்குப் பேரு ராஜா மீனு," என்றார் மாமா. "இந்த நாட்டு மீனு இல்ல. தென்னமெரிக்காவுல பெரிய ஆத்துல இருக்குமாம்."

"அங்க இருக்குறது இங்க எப்படி வந்துச்சு, மாமா?"

"யாரு கண்டா? மொதல்ல எவனோ கண்ணாடித் தொட்டிக்குன்னு வாங்கிட்டு வந்திருப்பான். அப்புறம் தூண்டில் போடுறதுக்குன்னு குட்டையில விட்டுட்டான். அடி எப்படி இருக்குன்னு பாத்தல்ல? ஒருத்தன் விட்டான், இன்னொருத்தன் பாத்தான், அவன் பக்கத்துக் குட்டைக்குக் கொண்டு போனான். அப்படியே போய்க்கிட்டு இருக்கு."

அன்று சாயங்காலமே நிர்மலா தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "டேய் தனா, குஞ்சு பிடிச்சுக் கொண்டுபோய் நம்ம குவாரியில விடலாம்டா."

"அக்கா, ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் செத்துப் போயிரும்லா."

"சாகாது. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்குறேன்."

அவள் சொன்னபடியே உட்கார்ந்தாள். பட்டுப்புடவை கட்டிய பெண்கள் முன்னால் நெருக்கியடித்து உட்கார, அவள் லோரியின் பின்புறத்தில், முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பெட்டிக்குள் மாமா வலைபோட்டுப் பிடித்துக் கொடுத்த விரல் நீளக் குஞ்சுகள். பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்று தண்ணீரில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. வழியில், தாப்பாவில், மோட்டார் நின்றுவிட்டது. அங்கிருந்து ஊர் வரும்வரை அவள் ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே வந்தாள். தோள் இற்றுப்போயிற்று. பாதிக்கு மேல் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்துவிட்டன. மிச்சத்தைக் குவாரியில் இறக்கி, கைகளைக் குவித்து ஒவ்வொன்றாக விட்டாள். ஒரு குஞ்சு அவள் விரல்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, வாலை ஒரு வெட்டு வெட்டி இருட்டுக்குள் போயிற்று.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அவள் வாரந்தோறும் போய் வீசிப் பார்த்தாள். "என்ன நிர்மலா, ஒன் ராஜா பட்டாபிஷேகத்துக்கு எப்ப வர்றாரு?" என்று கடைத்தெருவில் கேலி செய்தார்கள். அவள் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு குவாரிக்கு நடந்தாள். ஒரு வருடம் போய், இன்னொன்றும் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாறை இடுக்கிலிருந்து அந்த வெடிச் சத்தம் வந்தது. அவள் அந்த மீனை இரு கையிலும் ஏந்தி, பார்த்துவிட்டு, திரும்பத் தண்ணீரிலேயே விட்டாள். வீட்டுக்கு ஓடி வந்து, பட்டறையில் தீப்பொறிக்கு நடுவே நின்ற புவனேந்திரனிடம், "பெருகிருச்சுங்க!" என்று கத்தினாள். அவன் முகமூடியைத் தூக்கி, "யாரு?" என்றான்.

அதன் பிறகுதான் ஊருக்குக் கொண்டாட்டம். முதலில் தம்பினிலிருந்து வந்தார்கள், பிறகு சிரம்பானிலிருந்து, கோலாலம்பூரிலிருந்து. சிங்கப்பூர்க்காரர்கள் காரின் மேல் கழிகளைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். சனிக்கிழமை காலை ரயிலில் நீளப் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் யாரும் கேட்காமலே, "குவாரியா? இந்தப் பக்கம்" என்பார்கள். சாப்பாட்டுக் கடைகளுக்கு வியாபாரம். தூண்டில் சங்கம் ஒன்று உருவாயிற்று. தம்பினில் காப்புறுதி முகவராக இருந்த கணேஸ்வரன் அதற்குத் தலைவர். பிடித்தால் படம் எடுத்துவிட்டு மீனைத் திரும்ப விடவேண்டும் என்பது சங்கத்தின் சட்டம். வருடத்துக்கு ஒரு போட்டி. ஒவ்வொரு போட்டியிலும் முதல் வீச்சு நிர்மலாவுடையது.

அதோடு நின்றதா? செலண்டாரில் மீன் குளம் வெட்டியிருந்த வடிவேலு வந்து கேட்டார், அவள் குஞ்சு பிடித்துக் கொடுத்தாள். லூபோக் சீனாவிலிருந்து ஒரு கூட்டம் வந்து கேட்டது, அவர்களுக்கும் கொடுத்தாள். கேட்காமலே எடுத்துப் போனவர்களும் உண்டு. எங்கேயோ ஜாசின் பக்கத்தில் ஒருவன் ராஜா பிடித்தான் என்று கேள்விப்பட்டால், தன் பிள்ளை அங்கே வேலைக்குச் சேர்ந்ததுபோல அவளுக்கு மனம் நிறையும். எந்தக் குளத்து மீனும் தன் லோரிக் குஞ்சின் வம்சம்தான் என்று கணக்குப் போட்டுவைத்திருந்தாள். பாதி சரி, பாதி பெருமை.

இப்படி இருக்கும்போதுதான் போன வருடக் கடைசி மழையில் அது நடந்தது.

கல்லுமலைத் தோட்டத்தில் இன்னும் காலி செய்யாமல் நிற்கும் சில வீடுகளில் ஒன்றில் இருசம்மாள் இருந்தாள். ஐம்பத்தைந்தைத் தாண்டியவள், செம்பனைக்கு மருந்தடிக்கும் வேலை. குவாரிக்குக் கீழே ஓடும் ஓடையில் கம்பிக் கூடு வைத்து, விழுகிற சின்ன மீனைப் புளிக்குழம்பு வைத்துச் சாப்பிடுகிறவள். நிர்மலா பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது, இருசம்மாள் வாசலில் ஒரு வாளியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"பசியாறிட்டியா நிர்மலா?"

"ஆச்சுக்கா. என்ன இவ்ளோ தூரம்? வாங்க உள்ள."

"உள்ள வரல. இத மட்டும் பாரு."

வாளியில் ஒரு ராஜா மீன் கிடந்தது. முழங்கை நீளம்கூட இல்லை. வயிறு புடைத்திருந்தது.

"நல்லா இருக்கே! குவாரியிலயா பிடிச்சீங்க?"

"ஓடையில பிடிச்சேன். கூட்டுக்குள்ள இருந்த சின்ன மீனத் திங்க வந்து, இதுவும் மாட்டிக்கிச்சு." இருசம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். "வயித்தக் கீறிப் பாரு."

நிர்மலா கத்தி எடுத்து வந்து கீறினாள். செபாட் மீன் குஞ்சுகள், சன்னமான செலுவாங் மீன்கள், கையளவுகூட வளராத ஒரு விரால். எல்லாம் அப்படியே முழுசாக இருந்தன.

"ஒரு மாசமா என் கூட்டுல ஒண்ணும் விழல," என்றாள் இருசம்மாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் நிர்மலாவுக்கு உறைத்தது. "ஒன் மீனு அழகாத்தான் இருக்கு. ஆனா அது மட்டுந்தான் இருக்கு."

மறுநாள் காலை வேன் வேலை முடிந்ததும் நிர்மலா நேராகக் குவாரிக்குப் போனாள். தாழ்வான கரையில் தோட்டத்தார் புதிதாக ஒரு லோங்காங் வெட்டி வடிகால் விட்டிருந்தார்கள், மழைக்குக் குவாரி பொங்கி இளம் செம்பனைகளை மூழ்கடிக்காமல் இருக்க. தண்ணீர் சலசலவென்று அதன் வழியே ஓடைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவள் ஓடையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். இடுப்பளவு ஆழமுள்ள ஒவ்வொரு மடுவிலும் நின்று ரொட்டியைப் பிய்த்துப் போட்டாள். சாதாரணமாக ரொட்டி விழுந்ததும் சின்ன மீன்கள் மொய்த்துக்கொண்டு தண்ணீர் கொதிக்கிறது போலிருக்கும். இப்போது ரொட்டி ஊறி, உப்பி, மெல்ல மூழ்கியது.

தோட்டப் பாதைக்கு அடியில் ஓடை நுழையும் சிமெண்டுக் குழாயருகே வந்ததும் அவள் நின்றாள். அங்கே ஆழமான மடு. தெளிந்த தண்ணீரில் இரண்டு ராஜாக்கள், ஆணும் பெண்ணும். ஆணுக்கு நெற்றியில் காளையின் திமில் மாதிரி ஒரு புடைப்பு. இரண்டுக்கும் நடுவே, புகை மாதிரி, மிளகளவு குஞ்சுகளின் கூட்டம். ஏதாவது நிழல் விழுந்தால் ஆண் பாய்ந்தது, பெண் குஞ்சுகளை நெருங்கி வளைத்துக்கொண்டது.

இந்த மீனில் அவளுக்கு மிகவும் பிடித்ததே இதுதான். பெற்றதை இரண்டும் சேர்ந்து காவல் காக்கிற மீன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். இப்போதும் அவள் கண் முதலில் அந்த அழகைத்தான் பார்த்தது. அதன் பிறகுதான் குழாயின் மறுபக்கத்தைப் பார்த்தது. அங்கிருந்து ஓடை சதுப்புக்குப் போகிறது, சதுப்பிலிருந்து ஆற்றுக்கு. குவாரி பாறைக்குழி. அதில் இழக்க ஒன்றும் இருந்ததில்லை. ஆறு அப்படியில்லை. இந்தப் புகைக்கூட்டம் ஒரு மழையில் கீழே இறங்கிவிட்டால் பிறகு எந்தத் தூண்டிலும் பிடிக்க முடியாது.

வருடப் போட்டிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. சங்கத்துக்காரர்கள் சாப்பாட்டுக் கடையில் கூடியிருந்தார்கள். நிர்மலா எழுந்து சொன்னாள்: "இந்த வருஷம் போட்டி குவாரியில வேணாம். ஓடையில வைப்போம். பிடிக்கிற ராஜா எதையும் திரும்ப விடக்கூடாது."

கணேஸ்வரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அக்கா, என்ன பேசுறீங்க? திரும்ப விடுறதுதான் நம்ம சங்கத்தோட பேரே. நம்மளே கொன்னா நாளைக்கு எவன் வருவான்?"

"குவாரியில விடுங்க, நான் வேணாம்னா சொன்னேன்? ஓடைக்கு இறங்குனத மட்டும் விடக்கூடாது."

"பிடிச்சு, குவாரியில கொண்டுபோய் விட்டுருவோம்லா. அதுல என்ன?"

"குவாரி ஏற்கெனவே நிறைஞ்சிருக்கு. போன போட்டியில வந்த மீனு எல்லாம் எப்படி இளைச்சுப் போயிருந்துச்சு, நீங்களே சொன்னீங்க. இன்னும் போட்டா எல்லாம் பட்டினி கிடக்கும்."

"நீங்க கொண்டு வந்த மீனுன்னு நீங்களே முடிவு பண்ண முடியாதுக்கா," என்றார் கணேஸ்வரன். முகம் சிவந்திருந்தது. "இருபது வருஷமா எல்லாரும் சேர்ந்து காப்பாத்தினது."

"சரி," என்றாள் நிர்மலா. "முடிவு பண்ண வேணாம். வந்து பாருங்க. பாத்துட்டு நீங்க என்ன சொன்னாலும் கேக்குறேன்."

அவர்கள் வந்தார்கள். பள்ளி வேனிலேயே எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனாள். சின்ன இருக்கைகளில் பெரிய ஆட்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து வந்தார்கள். ஓடைக்கு வந்ததும் அவள் கணேஸ்வரன் கையில் ரொட்டிப் பொட்டலத்தை மட்டும் கொடுத்தாள். அவர் முதல் மடுவில் போட்டார், காத்திருந்தார். இரண்டாவதில் போட்டார். அவரும் இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான், ரொட்டி போட்டால் என்ன நடக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். சிமெண்டுக் குழாயை நெருங்குவதற்குள் பொட்டலத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"லோங்காங்க மொதல்ல அடைக்கணும்," என்றார். "இல்லன்னா நம்ம பிடிக்கப் பிடிக்க மேலருந்து வந்துக்கிட்டே இருக்கும்."

"அதுக்கு ஆளு வீட்டுல இருக்கு," என்றாள் நிர்மலா.

புவனேந்திரன் வந்து அளந்து பார்த்தான். தண்ணீர் போகவேண்டும், மீன் போகக்கூடாது, குப்பை அடைத்துக்கொண்டால் தூக்கிக் கழுவ முடியவேண்டும். தகரத்தில் சாக்கட்டியால் வரைந்தான், அழித்தான், வரைந்தான். கடைசியில் துருப்பிடிக்காத கம்பிகளால் இரட்டைச் சட்டம் ஒன்று பற்றவைத்தான், ஒன்றைத் தூக்கினாலும் மற்றது வழியை அடைத்துக்கொண்டிருக்கும்படி. சட்டத்துக்கு உள்பக்கம் குஞ்சும் நுழையாத சன்ன வலை. தோட்ட மேனேஜரிடம் கணேஸ்வரன் பேசிச் சம்மதம் வாங்கினார். எல்லோரும் சேர்ந்து சிமெண்டு குழைத்து அதை நட்டார்கள். மீன் பிடிக்கப் போனால் கொட்டாவி விடுகிற மனிதன் அன்று தண்ணீருக்குள் மார்பளவு நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் எடது பக்கம்! எடதுன்னா எடதுலா!" என்று சங்கத்தையே அதட்டிக்கொண்டிருந்தான். நிர்மலா கரையில் நின்று அவனைப் பார்த்தாள். அப்படி ஒரு நிறைவு முன்பு எப்போதாவது வந்திருக்கிறதா என்று அவளுக்கு நினைவில்லை.

போட்டியன்று காலை நிறையப் பேர் வந்துவிட்டார்கள். ஓடைப் போட்டி என்று தெரிந்து சிலர் வராமல் நின்றதும் உண்மைதான். சிங்கப்பூர்க்காரர் ஒருவர் மட்டும், "ராஜாவைக் கொல்லுற போட்டியா?" என்று முகம் சுளித்துவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு போனார். வந்தவர்கள் ஓடையின் இரு கரையிலும் செம்பனை நிழலில் பிரிந்து நின்றார்கள். தம்பினிலிருந்து வந்த மலாய் இளைஞர்கள், சீனப் பள்ளி ஆசிரியர் ஒருவர், தோட்டத்துப் பெண்கள் சிலர் மூங்கில் கழியோடு. இருசம்மாள் தன் கம்பிக் கூடுகளை எல்லாம் கொண்டுவந்து சதுப்பு வாயில் வரிசையாக இறக்கிவைத்தாள். தப்பித்துக் கீழே ஓடுவது அதில் விழட்டும் என்று.

முதல் வீச்சு வழக்கம்போல நிர்மலாவுக்கு. எந்த மடு என்று கணேஸ்வரன் கேட்கவில்லை. எல்லோரும் சிமெண்டுக் குழாய்ப் பக்கம் வழி விட்டார்கள்.

குஞ்சுக் கூட்டம் கொஞ்சம் வளர்ந்திருந்தது. அவள் பொய்மீனைக் கூட்டத்தின் ஓரமாக, இலை விழுவதுபோல விழ வைத்தாள். ஆண் மீன் யோசிக்கவே இல்லை. காவல்காரன் எப்படி யோசிப்பான்? ஒரே பாய்ச்சல். கழி வளைந்தது. அது குழாய்க்குள் நுழையப் பார்த்தது, அவள் விடவில்லை. பக்கவாட்டில் இழுத்து, நரம்பைத் தளர்த்தி, இறுக்கி, அதற்கு மூச்சு வாங்கும் வரை பொறுத்துக் கரைக்குக் கொண்டுவந்தாள். நெற்றிப் புடைப்பு, பொன்னிறம், வாலில் கண். பேராக்கில் கண்ட அதே அழகு, ஒரு செதில் குறையவில்லை. சுற்றி நின்றவர்கள் பழக்கத்தால் கைபேசியை உயர்த்தி, பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் இறக்கினார்கள்.

அவள் மீனை மடியில் வைத்து, கண்ணுக்குப் பின்னால் கத்தி முனையை வைத்து, ஒரே குத்தில் முடித்தாள். துடிக்க விடவில்லை. அதை ஈரத்துணியில் சுற்றி ஐஸில் வைத்துவிட்டு, "அடுத்தது பொண்ணு" என்றாள். பெண் மீன் இன்னும் உக்கிரமாக வந்தது.

இரண்டும் போன பிறகு, காவலில்லாத குஞ்சுக் கூட்டம் மடுவில் திகைத்துச் சுழன்றது. மலாய் இளைஞர்கள் சன்ன வலையால் வாரி எடுத்தார்கள். வலைக்குத் தப்பியதை, கரையோர வேர்களுக்குள் இத்தனை நாள் ஒளிந்து கிடந்த ஒரு விரால் வெளியே வந்து, நிதானமாக, ஒவ்வொன்றாக விழுங்கியது. அதைப் பார்த்ததும் இருசம்மாள் கைகொட்டிச் சிரித்தாள். "பாத்தியா நிர்மலா! சாவலடி அது! வூட்டுக்காரன் உள்ளதான் இருந்திருக்கான்!"

மத்தியானத்துக்குள் ஓடையின் எல்லா மடுக்களும் அலசப்பட்டன. கடைசியாக, சதுப்புக்குப் பக்கத்தில், கணேஸ்வரன் ஒரு பெரிய ராஜாவை நெடுநேரம் போராடி ஏற்றினார். அதை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார். திரும்ப விட்டே பழகிய கை.

"அக்கா, நீங்களே..."

"குடுங்க," என்று வாங்கிக்கொண்டாள் அவள்.

அன்று செம்பனை மரத்தடியில் அடுப்பு மூட்டினார்கள். இத்தனை வருடமாகப் படம் எடுத்து விட்டுவிட்ட மீனுக்கு இப்படி ஒரு ருசி இருக்கும் என்று சங்கத்தில் யாருக்கும் தெரியாது. வெள்ளைச் சதை, முள் குறைவு. இருசம்மாள் மஞ்சள் தடவிப் பொரித்ததை வாழையிலையில் வாங்கிக்கொண்டு, புவனேந்திரன் இரண்டாம் முறையும் வரிசையில் நின்றான். கணேஸ்வரன் மூன்றாம் முறை நின்றார்.

போட்டி ஒருநாளோடு முடியவில்லை. அதன் பிறகும் வாரந்தோறும் யாராவது இரண்டு பேர் ஓடையில் வீசிப் பார்த்தார்கள். முதலில் ஒன்றிரண்டு விழுந்தன. பிறகு விழவில்லை. மழை வந்தது, குவாரி பொங்கியது, தண்ணீர் சட்டத்தின் வழியே பாய்ந்தது. அந்த வாரம் முழுக்க நிர்மலா காலையும் மாலையும் போய்க் குப்பை தள்ளிவிட்டு வந்தாள். மழை விட்ட பிறகு ஒரு காலை இருசம்மாள் கூப்பிட்டனுப்பினாள். மடுவில் ரொட்டி போட்டார்கள். செலுவாங்கும் செபாட்டும் மொய்த்துக்கொண்டு தண்ணீரைக் கொதிக்க வைத்தன. இருசம்மாள் மிச்ச ரொட்டியைத் தானே கடித்துக்கொண்டாள்.

இந்தச் செய்தி எப்படியோ வெளியே போயிற்று. மீன்வளத் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி, மலாய்க்காரர், உதவியாளர் ஒருவருடன் வந்து ஓடையையும் சட்டத்தையும் பார்த்தார். நிறையப் படம் எடுத்தார். இதை யார் செய்தது என்று புவனேந்திரனிடம் கேட்க, அவன் தன் சட்டத்தை மூன்று மொழிகளில் விளக்கிக்கொண்டிருந்தான். பிறகு அதிகாரி நிர்மலாவிடம் திரும்பினார்.

"இந்தக் குவாரியில் ராஜா மீனை முதலில் விட்டது யார் என்று தெரியுமா?" என்று மலாயில் கேட்டார்.

கணேஸ்வரன் செருமினார். இருசம்மாள் வேறு பக்கம் பார்த்தாள்.

"நான்தான்," என்றாள் நிர்மலா. "பேராக்கிலிருந்து லோரியில் கொண்டு வந்தேன். பாதி வழி குவளையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தேன்."

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். "இப்போதெல்லாம் அப்படி விடக்கூடாது, தெரியுமல்லவா?"

"தெரியும்."

"ஓடையிலிருந்து அதை எடுத்தது?"

"அதுவும் நான்தான்," என்றாள். பிறகு கையை நீட்டி எல்லோரையும் காட்டினாள். "இவர்களும்தான். அதோ அந்த அக்கா, அந்த அண்ணன், அந்தக் கம்பிச் சட்டக்காரர், எல்லோரும்."

அதிகாரி சிரித்துவிட்டார். வேறு ஊர்களிலும் இப்படிச் செய்து காட்ட முடியுமா என்று கேட்டார். நிர்மலா தலையை ஒரு முறை ஆட்டினாள், அவ்வளவுதான். ஆனால் அன்று வேனில் ஏறிய பிள்ளைகள், ஆன்ட்டி ஏன் இன்று ஹார்ன் அடித்துக்கொண்டே வருகிறாள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை வேன் செலண்டாரை நோக்கிப் போயிற்று. உள்ளே சங்கத்து ஆட்கள், பின்னால் வெல்டிங் சாமான்கள், கூரைமேல் தூண்டில் கழிகள். முன்னால் புவனேந்திரன் அளவு நாடாவை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். வடிவேலு தன் குளத்துக் கரையில் காத்திருந்தார். வேனை விட்டு இறங்கிய கூட்டத்தைக் கண்டு அவர் கொஞ்சம் மிரண்டுபோனார்.

"என்னம்மா, ராஜாவெல்லாம் நல்லா இருக்கு. பெருசு பெருசா விழுது. எதுக்கு இத்தன பேரு?"

"விழட்டும்ணே, நானும் ரெண்டு வீச்சு வீசிட்டுத்தான் போவேன்," என்றாள் நிர்மலாதேவி, கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டே. "அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். மழைக்குக் குளம் நிறைஞ்சா, தண்ணி எந்தப் பக்கமா வெளிய போவுது?"